இரண்டு பின்சக்கரங்களும் 600 நியூட்டன் மீட்டரும்

பவர் ஏற்றிய கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: "மிதிச்சா வண்டி போக மாட்டேங்குது, பின்சக்கரம்தான் சுத்துது. என்ன மாட்டலாம்?" எதையும் மாட்டுவதற்கு முன்னால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். பத்து நிமிடம்கூட ஆகாது. அதன் பிறகு பணம் எங்கே போக வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

1,600 கிலோ எடையுள்ள பின்சக்கர இயக்கக் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடையில் 53 சதவீதம் முன்னால், 47 சதவீதம் பின்னால். வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையிலான தூரம்) 2.7 மீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில். எஞ்சின் தருவது 600 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் திறன். முதல் கியர் 3.0, இரண்டாவது 2.0, மூன்றாவது 1.4, நான்காவது 1.0, பின் ஆக்ஸில் விகிதம் 3.5. டயரின் ஆரம் 33 சென்டிமீட்டர். வழியில் 15 சதவீதம் வீணாகிறது என்று கழித்துவிட்டால், பின் டயர்கள் தரையைத் தள்ளும் விசை முதல் கியரில் சுமார் 16,200 நியூட்டன், இரண்டாவதில் 10,800, மூன்றாவதில் 7,600.

இப்போது டயர் பக்கம் வருவோம். காய்ந்த தார்ச்சாலையில் நல்ல சாலை டயர் ஒன்றின் உராய்வுக் குணகம் (தன்மேல் உள்ள பாரத்தைப் போல எத்தனை மடங்கு விசையை டயர் தாங்கும் என்ற எண்) 1.0 என்று வைக்கலாம். வண்டி முன்னே பாயும்போது எடையில் ஒரு பங்கு பின்னால் வந்து உட்காரும். அதையும் சேர்த்துப் போட்டால் இரண்டு பின் டயர்களும் சேர்ந்து தாங்குவது சுமார் 9,000 நியூட்டன். முதல் கியரில் எஞ்சின் அனுப்புவது கிட்டத்தட்ட அதைப் போல இரண்டு மடங்கு. இரண்டாவதிலும் டயர் தாங்குவதைவிட அதிகம்தான். மூன்றாவது கியருக்கு வந்த பிறகுதான் முழு ஆக்ஸிலரேட்டரையும் டயர் ஏற்றுக்கொள்கிறது. இந்த வண்டிக்கு இன்னொரு 100 குதிரைத்திறன் சேர்த்தால் முதல் இரண்டு கியரில் கிடைப்பது புகை மட்டும்தான்.

இதே கணக்கில் உராய்வுக் குணகத்தை 1.2 ஆக்கிப் பாருங்கள். டயர் தாங்கும் விசை 11,400 நியூட்டனுக்குப் போய்விடுகிறது. குணகம் கூடியது 20 சதவீதம், விசை கூடியது 26 சதவீதம். பிடிப்பு கூடினால் வண்டி வேகமாகப் பாய்கிறது, வேகமாகப் பாய்ந்தால் எடை இன்னும் பின்னால் வருகிறது, அந்த எடை பிடிப்பை மேலும் கூட்டுகிறது. டயரில் போட்ட காசு வட்டியோடு திரும்பி வருவது இதனால்தான். நம் கணக்குக் காரில் இரண்டாவது கியரின் 10,800 இப்போது டயரின் எல்லைக்குள் வந்துவிட்டது. வேறு எந்த ஒற்றைப் பொருளாலும் இவ்வளவு கிடைக்காது. முதலில் டயர், பிறகுதான் மற்றதெல்லாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

எடை பின்னால் வருவது பற்றி ஒரு தவறான நம்பிக்கை ரொம்ப நாளாக ஊறிப்போயிருக்கிறது. பின் ஸ்பிரிங்கை மிருதுவாக்கி வண்டி பின்னால் நன்றாக உட்கார்ந்தால் அதிக எடை மாறும் என்பார்கள். எத்தனை கிலோ பின்னால் போகிறது என்பதை முடிவு செய்வது வண்டியின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், வீல்பேஸ், வேகம் கூடும் விகிதம் இவ்வளவுதான். ஸ்பிரிங் கல்லாக இருந்தாலும் பஞ்சாக இருந்தாலும் அந்தக் கிலோ மாறாது. ஸ்பிரிங்கும் டேம்பரும் (ஷாக் அப்சார்பர்) மாற்றுவது, அந்த எடை எவ்வளவு சீக்கிரம் வந்து சேருகிறது, வந்த பிறகு மேடுபள்ளத்தில் எவ்வளவு சீராக நிற்கிறது என்பதை. அது பெரிய விஷயம்தான், பின்னால் வருகிறேன். வண்டியைத் தாழ்த்தினாலும் இதே கதை. ஈர்ப்பு மையம் 5 சென்டிமீட்டர் இறங்கினால் நேர்க்கோட்டுப் பிடிப்பில் சுமார் 2 சதவீதம் போகும். வளைவில் கிடைக்கும் லாபத்துக்கு அது சின்ன விலை என்பதால் நான் அதை இழப்பாக எண்ணுவதில்லை. பாட்டரியைப் பின்னால் மாற்றுவது 20 கிலோ அளவு விஷயம். செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். போர்ஷே 911 மாதிரி எஞ்சினே பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் தொங்கினால் மட்டும் கணக்கு அடியோடு மாறும். நம் காரின் பின் எடை 60 சதவீதமாக இருந்தால், அதே 1.0 டயரில் தாங்கும் விசை 11,500 நியூட்டனைத் தொடும்.

சரி, டயர். அகலமான டயர் என்றால் தரையைத் தொடும் பரப்பு பெரிது என்று நினைக்கிறோம். காற்றழுத்தம் ஒன்றாக இருந்தால் பரப்பு அவ்வளவாக மாறுவதில்லை, அதன் வடிவம்தான் மாறுகிறது. குறுகிய டயரில் நீளவாட்டில் இருந்தது அகன்ற டயரில் குறுக்குவாட்டில் விரிகிறது. அகலத்தின் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது: சூடு பரவ ரப்பர் அதிகம், அதனால் இன்னும் மிருதுவான ரப்பர்க் கலவையைத் தைரியமாகப் பயன்படுத்தலாம். ஆகவே ஒரு சுற்று அகலம் கூட்டுவதா, அதே அகலத்தில் மிருதுவான கலவைக்குப் போவதா என்று யாராவது கேட்டால், கலவைக்குப் போங்கள் என்பேன். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் டிரெட்வேர் எண் அதற்கு ஒரு துப்பு. 400, 500 என்றால் நீண்ட நாள் உழைக்கும் கடினமான ரப்பர், 200 என்றால் பந்தய டிராக்குக்கும் போய்வரும் ரகம், 100 அல்லது அதற்குக் கீழே என்றால் சாலையில் ஓட்ட அனுமதியுள்ள பந்தய டயர் என்று பொதுவாகச் சொல்லலாம். அந்த எண்ணைத் தயாரிப்பாளர்களே நிர்ணயிக்கிறார்கள் என்பதால் ஒரு பிராண்டின் 200-ஐ இன்னொரு பிராண்டின் 200-ஓடு கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிட முடியாது.

பக்கச்சுவரின் உயரமும் முக்கியம். 20 அங்குல ரிம்மில் ரிப்பன் போல மெல்லிய டயர் பார்க்க அழகு, கிளம்பும்போது எதிரி. உயரமான பக்கச்சுவர் டார்க் வந்து இறங்கும்போது கொஞ்சம் மடிந்து கொடுக்கிறது, தரையைத் தொடும் பட்டை நீள்கிறது, அதிர்ச்சி நேராக ரப்பருக்குப் போவதில்லை. 2018 டாட்ஜ் சேலஞ்சர் எஸ்ஆர்டி டீமனை உருவாக்கியவர்கள் செய்ததைப் பாருங்கள். சாதாரண பெட்ரோலில் 808 குதிரைத்திறன், பந்தய எரிபொருளில் 840. அந்த வண்டிக்கு ரிம்மைப் பெரிதாக்காமல், அதே சேலஞ்சரின் ஹெல்கேட் ரகத்தில் இருந்த 20 அங்குலத்திலிருந்து 18 அங்குலத்துக்கு இறக்கி, 315/40 அளவில் நிட்டோவின் டிராக் ரேடியல் (drag radial, நேர்க்கோட்டுப் பந்தயத்துக்கான) டயரைப் போட்டார்கள். தொழிற்சாலையே எந்தப் பக்கம் போனது என்பது தெளிவு. ஆனால் அந்த வண்டியின் புகழ்பெற்ற நேரங்கள் பிசின் தெளித்துத் தயார்செய்த டிராக்கில் எடுத்தவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தூசி படிந்த பொதுச்சாலையில் அந்த எண்களை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

டயரின் வயதைப் பார்க்காமல் பிடிப்பைப் பற்றிப் பேசுவதே வீண். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. டிரெட் ஆழமாக இருந்தாலும் ஆறேழு வருடம் வெயில் தின்ற ரப்பரில் நகம் பதியாது. அதன் மேல் 600 நியூட்டன் மீட்டரை இறக்கிவிட்டு டிஃபரன்ஷியலை (டார்க்கை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர்த் தொகுதி) குறை சொல்லக் கூடாது. காற்றழுத்தத்தில் கதவோர ஸ்டிக்கரில் இருப்பதுதான் சாலைக்குத் தொடக்கப் புள்ளி. பந்தயத் தளத்தில் டிராக் ரேடியலுக்கு 15, 20 பிஎஸ்ஐ வரை இறக்குவார்கள். அதே அழுத்தத்தோடு சாலையில் வேகம் எடுத்தால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி டயர் வெடிக்கும், இதில் சமரசமே கிடையாது. நடு டிரெட் மட்டும் வேலை செய்கிறதா என்று அறிய, குறுக்கே சாக்பீஸ் கோடு ஒன்று போட்டு நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தால் போதும். நடுவில் அழிந்து ஓரங்களில் கோடு நின்றால் காற்று அதிகம். ஒரே ஒரு ஓரம் மட்டும் அழிந்தால் பிரச்சினை காற்றில் இல்லை, கேம்பரில், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணத்தில்.

கேம்பரைச் சொன்னதால் அதையும் முடித்துவிடுகிறேன். தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள பின்பக்கம் தாழ்த்தப்பட்டிருந்தால், நிற்கும்போதே சக்கரங்கள் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும். பாயும்போது பின்னால் உட்கார உட்கார இன்னும் சாயும். முழு டார்க்கும் உள் ஓரத்தில் இரண்டு விரல் அகல ரப்பரில் நிற்கும். 315 அகலத்துக்குக் காசு கொடுத்துவிட்டு அதில் பாதியைக்கூடத் தரையில் வைக்காமல் ஓட்டுவதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. தாழ்த்தினால் சரிப்படுத்தும் கேம்பர் ஆர்மும் அலைன்மென்ட்டும் சேர்த்தே செலவில் வர வேண்டும்.

இனி சஸ்பென்ஷனின் உள்ளே. டயர் அதிகபட்சப் பிடிப்பைத் தருவது சுத்தமாக உருளும்போது இல்லை, கொஞ்சம் வழுக்கும்போது. சாலை டயர்களில் அந்த உச்சம் பத்திலிருந்து பதினைந்து சதவீத வழுக்கலில் இருக்கும். வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் டயரின் மேற்பரப்பு 67 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும், அவ்வளவுதான். அதைத் தாண்டினால் ரப்பர் சூடேறி, பிடிப்பு சரிந்து, சரிந்ததால் இன்னும் வேகமாகச் சுற்றும். ஆக நம் வேலை முழுவதும் அந்தக் குறுகிய பட்டைக்குள் டயரை நிறுத்தி வைப்பது. அதைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி வீல் ஹாப், அதாவது பின்சக்கரம் குதிப்பது.

சாலையில் விழுந்த கறுப்புத் தடத்தைப் பார்த்தே அதைச் சொல்லிவிடலாம். வெறும் வீல் ஸ்பின் என்றால் கோடு தொடர்ச்சியாக இருக்கும். குதித்திருந்தால் புள்ளி புள்ளியாக, கருமை ஏறி இறங்கி, தையல் போட்டது மாதிரி விழுந்திருக்கும். உள்ளே நடப்பது இது: டயர் பிடித்துக்கொள்கிறது, டார்க் பின்னால் உள்ள ரப்பர் புஷ்களையும் டிரைவ் ஷாஃப்டையும் பக்கச்சுவரையும் முறுக்குகிறது, டயர் விட்டுவிடுகிறது, முறுக்கியதெல்லாம் ஒரே வீச்சில் அவிழ்கிறது, சக்கரம் எகிறித் திரும்ப விழுந்து மறுபடி பிடிக்கிறது. நொடிக்குப் பல முறை. ஒவ்வொரு பிடிப்பும் ஒரு சம்மட்டி அடி. டிரைவ் ஷாஃப்ட் உடைவதும் டிஃபரன்ஷியல் மவுண்ட் கிழிவதும் பெரும்பாலும் இந்தக் குதிப்பில்தான், வெறும் பவரால் அல்ல. குதிக்க ஆரம்பித்தால் உடனே காலை எடுத்துவிட வேண்டும்.

நண்பர் ஒருவரின் காரை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம். கீழே நின்று பார்த்தபோது எல்லாம் சரியாகவே தெரிந்தது. சப்ஃபிரேம் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) புஷ் பக்கத்தில் கடப்பாரையை வைத்து லேசாக நெம்பியதும் ரப்பர் இரும்பு உறையிலிருந்து வாய் பிளந்து, உள்ளே வெள்ளையாகப் பழைய விரிசல் தெரிந்தது. கையை எடுத்ததும் மூடிக்கொண்டது. சப்ஃபிரேமே விரலளவு முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்த அந்த வண்டிக்கு அவர் எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்) விலை விசாரித்துக்கொண்டிருந்தார். புது புஷ் அடித்துப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. பாலியூரித்தேன் புஷ் இன்னும் இறுக்கம், கேபினுக்குள் சத்தம் கொஞ்சம் கூடும். தினசரி ஓட்டும் காருக்கு சப்ஃபிரேமிலும் டிஃபரன்ஷியல் மவுண்டிலும் மட்டும் அதைப் போட்டு, சஸ்பென்ஷன் ஆர்மும் லிங்க்கும் அசையும் இடங்களில் நல்ல ரப்பரையே வைப்பது எனக்குப் பிடித்த கலவை.

தயாரிப்பாளர்களும் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். கேடிலாக் சிடிஎஸ்-வி இரண்டாம் தலைமுறையில் இடது, வலது டிரைவ் ஷாஃப்டுகளை வேண்டுமென்றே வெவ்வேறு தடிமனில் செய்தார்கள். இரண்டும் ஒரே தாளத்தில் முறுக்கி அவிழாவிட்டால் ஒன்றின் ஆட்டத்தை மற்றது குலைத்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் யோசனைகளில் ஒன்று இது.

திட ஆக்ஸில் உள்ள பழைய வண்டிகளில் விஷயம் வேறு. லீஃப் ஸ்பிரிங் டார்க்கில் நெளிந்து எஸ் வடிவமாகும். டிராக்‌ஷன் பார் (ஆக்ஸில் முறுகாமல் பிடிக்கும் கம்பி) போட்டால் அது நிற்கும். அதோடு, சுற்றும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆக்ஸிலையே ஒரு பக்கமாகத் திருப்பப் பார்க்கும். வழக்கமான எஞ்சின் சுழற்சியில் வலது பின்சக்கரத்தின் பாரம் குறைந்து இடது அழுந்தும். திறந்த டிஃபரன்ஷியல் உள்ள திட ஆக்ஸில் காரில் எப்போதும் வலது டயரே புகை கக்குவது இதனால்தான். டிஃபரன்ஷியல் உடலோடு போல்ட் போட்டிருக்கும் தனித்தனி சஸ்பென்ஷனில் இந்தத் தொல்லை இல்லை. 2015-இல் ஃபோர்டு மஸ்டாங் முழுவதும் தனித்தனி சஸ்பென்ஷனுக்கு மாறியபோது, நேர்க்கோட்டுப் பந்தயக்காரர்கள் சிலர் திட ஆக்ஸிலே வேண்டும் என்றார்கள். கேம்பர் மாறாது, உடையாது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மேடுபள்ளமும் வளைவும் உள்ள சாலைக்கு நான் மஸ்டாங் எடுத்த முடிவின் பக்கம்தான்.

டேம்பரை விட்டு நகர மனமில்லை. டயரின் பிடிப்பு பாரத்தோடு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை. பாரம் இரட்டிப்பானால் பிடிப்பு இரட்டிப்பை விடக் குறைவாகவே கூடும். அதனால் ஒரு சக்கரத்தில் சராசரியாக 450 கிலோ இருந்தாலும், அது 300-க்கும் 600-க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தால், சீராக 450 நிற்பதை விட மொத்தப் பிடிப்பு குறைவு. ஓய்ந்துபோன டேம்பர் செய்வது இதைத்தான். மறுபக்கம், மிகவும் இறுக்கிய காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒன்றாக அமைந்தது) போட்ட வண்டி சின்னச் சாலைத் தையலிலும் டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடும். பின்பக்கத்தை ஒரு படி மிருதுவாக்கினாலே சில வண்டிகளில் இரண்டாவது கியர் பிடிக்க ஆரம்பிக்கும். வளைவிலிருந்து வெளியேறும்போது உள் சக்கரம் மட்டும் சுற்றினால், பின் ஆன்டி ரோல் பாரை (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) மெல்லியதாக்குவதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

டிஃபரன்ஷியலுக்கு இப்போதுதான் முறை. திறந்த டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் சம டார்க் தரும். ஒரு சக்கரம் மணலில் நின்றால் மற்றதற்கும் மணலின் அளவுதான். கிளட்ச் வகை எல்எஸ்டி தட்டுகளை அழுத்தி இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. அதற்குரிய எண்ணெயும் சேர்மானமும் போடாவிட்டால் திருப்பத்தில் கடகடக்கும், தட்டுகள் தேயும். வெர்னன் கிளீஸ்மன் கண்டுபிடித்த டார்சன் வகை கியர்களாலேயே வேலை செய்கிறது, தேய்மானம் மிகக் குறைவு. அதன் விகிதம் 3 என்றால், பலவீனமான சக்கரம் தாங்குவதைப் போல மூன்று மடங்கை மற்றதற்கு அனுப்பும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் பூஜ்யத்தின் மூன்று மடங்கு பூஜ்யம்தான். அப்போது டிராக்‌ஷன் கண்ட்ரோல் (சக்கரம் வழுக்குவதைத் தானாகத் தடுக்கும் அமைப்பு) அந்தச் சக்கரத்துக்கு லேசாக பிரேக் போட்டால் டார்சனுக்கு உயிர் வந்துவிடும். சாலைக்காருக்கு என் தேர்வு டார்சன் வகையே. எந்த எல்எஸ்டி போட்டாலும் ஒன்றை அறிந்துகொண்டே போட வேண்டும்: இரண்டு சக்கரமும் ஒன்றாக விடும்போது பக்கவாட்டில் பிடிக்க எதுவும் மிச்சமிருக்காது, வண்டியின் பின்பகுதி வெளியே வரும். திறந்த டிஃபரன்ஷியலில் சுற்றாத சக்கரம் பக்கவாட்டிலாவது பிடித்துக்கொண்டிருக்கும்.

மிச்சமிருப்பது டார்க்கை அனுப்பும் விதம். வழுக்கலை எலக்ட்ரானிக்ஸ் கவனிக்கும் யோசனை புதிதல்ல. பியூக் 1971-இல் மேக்ஸ்டிராக் என்று ஒன்றைக் கொடுத்தது. 1987-இல் பாஷின் ஏஎஸ்ஆர் மெர்சிடிஸில் வந்தது. இன்றைக்கு நல்ல ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) டியூனில் கியருக்குத் தகுந்த டார்க், கியருக்குத் தகுந்த பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) என்று அளந்து வைக்கலாம். டர்போ காரில் இது அவசியம், ஏனென்றால் கால் அசையாமலே டார்க் திடீரென்று எழும்பி வரும். பெடல் மேப்பையும் பாருங்கள். பல கார்களில் பெடலின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள்ளேயே திராட்டில் பெரும்பகுதி திறந்துவிடும். காலுக்கும் டார்க்குக்கும் நேரான தொடர்பு இருந்தால் ஓட்டுபவரே பாதி டிராக்‌ஷன் கண்ட்ரோல். வளைவில் டயர் தன் பிடிப்பில் 80 சதவீதத்தைப் பக்கவாட்டுக்குக் கொடுத்துவிட்டால் முன்னே தள்ள மிஞ்சுவது 60 சதவீதம். 90 கொடுத்தால் சுமார் 44. ஸ்டியரிங் நேராக நேராகக் கால் இறங்குவதற்கு இந்த எண்களே காரணம். இதையெல்லாம் பழகிப் பார்க்கும் இடம் மூடிய டிராக்தான்.

மழையில் முதல் கணக்கை மறுபடி போட வேண்டும். நனைந்த சாலையில் குணகம் 0.6 என்று வைத்தால் நம் காரின் பின் டயர்கள் தாங்குவது சுமார் 5,000 நியூட்டன். நான்காவது கியரில் முழு டார்க் தருவது 5,400. அதாவது 4,000 ஆர்பிஎம்மில், மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில், நேர்ச்சாலையில், நான்காவது கியரில் பின்சக்கரம் விட்டுவிடலாம். டிரெட் ஆழம் குறைந்த பந்தய ரக டயரில் தண்ணீர் வெளியேற வழியே இல்லாததால் நிலைமை இதைவிட மோசம். சட்டம் பல நாடுகளில் 1.6 மில்லிமீட்டர் வரை விடுகிறது. பின்சக்கரத்தில் இவ்வளவு டார்க் உள்ள வண்டிக்கு நான் 3 மில்லிமீட்டரிலேயே டயரை மாற்றச் சொல்வேன். டியூன் செய்பவரிடம் மழைக்கென்று தனி மேப் கேளுங்கள்: இந்தக் காருக்கு முதல் கியரில் 180 நியூட்டன் மீட்டர், இரண்டாவதில் 270, மூன்றாவதில் 390, நான்காவதில் 550. இவை நேர்ச்சாலைக்கான உச்ச வரம்புகள். ஸ்டியரிங் திரும்பியிருக்கும் நேரத்துக்காக ஒவ்வொன்றிலும் இன்னும் ஒரு கால்வாசியைக் குறைத்தே எழுதச் சொல்லுங்கள்.